மஞ்சள் மூச்சு

ஈரோட்டு ராமாத்தாள் தன் அறுபத்தாறாவது வயதில், ஒரு வார்த்தைகூடப் பேசாமல், ஒரே ஒரு மூச்சை ஊதி, இரண்டாயிரம் பேர் நிறைந்த கல்யாண மண்டபத்தைக் காப்பி ஆறுவதற்குள் காலி செய்தாள். கடைசியில் அங்கே மிஞ்சியது அவளும், அண்டா நிறைய வடையும், ஜோடி பிரிந்த செருப்புகளும், தவில்காரர் போட்டுவிட்டு ஓடிய தவிலும்தான்.

கேட்டவர்கள் சிரித்தார்கள். இரண்டாயிரம் பேரை ஒப்புக்கொண்டவர்கள்கூட ‘ஒரு வார்த்தைகூடப் பேசாமல்’ என்ற இடம் வந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்கள். நியாயம்தான். தொலைபேசி இணைப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வுபெற்ற நாள்வரை பேசிக்கொண்டே இருந்தவள் அவள். தூக்கத்தில்கூட ‘லைன்லயே இருங்க’ என்பாள்.

அவள் கணவர் நாச்சிமுத்து எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவர். படிக்கல்லைக் கையில் வாங்கும்போதே அது எத்தனை கிராம் திருடுகிறது என்று சொல்லிவிடுவார். மனைவியின் பேச்சையும் அதே கையால்தான் தூக்கிப் பார்ப்பார். “காவேரியில கழுத்துவரைக்கும் தண்ணீங்க!” என்று அவள் விருந்தாளிகளிடம் சொன்னால், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், “பத்துல ஒண்ணு எடுத்துக்குங்க” என்பார். விருந்தாளிகள் கணுக்கால் என்று கணக்குப் போட்டுக்கொள்வார்கள். ஊரெல்லாம் அந்தக் கழிவு பழகிப்போயிருந்தது. வினையே அங்கேதான் பிடித்தது.

கொரோனாவின் கொள்ளுப்பேரன் என்று சொல்லத்தக்க ஒரு கிருமி அந்த வருடம் ஊருக்குள் வந்தது. வந்த வேகத்தில் மூச்சு விளக்கும் வந்தது. கைக்கு அடக்கமான, முன்பக்கம் திறந்த கண்ணாடிக் குமிழ். உள்ளே சாயம் தடவிய ஒரு படலம். ஊதினால் போதும். கிருமி இல்லாவிட்டால் விளக்கு வெள்ளையாக எரியும். கிருமியும் இருந்து காய்ச்சலும் இருமலும் இருந்தால் சிவப்பு. கிருமி இருந்தும் ஆள் கல்லுக்குண்டாட்டம் இருந்தால் மஞ்சள். துடைக்கும்வரை அந்த நிறம் அப்படியே நிற்கும். கடை வாசல், கோயில் வாசல், பஸ் படிக்கட்டு என்று எங்கும் அதைத் தொங்கவிட்டார்கள்.

எந்த ஊர் மூளையோ அறியோம், நோய் இருந்தும் தெரியாதவனுக்கு மஞ்சள் என்று முடிவு செய்தது. எச்சரிக்கையாம்! சிக்னல் கம்பத்தில் மஞ்சள் பார்த்துப் பிரேக் போடுகிற ஊராக இருந்தால் அது சரி. இது ஈரோடு. காற்றே மஞ்சள் வாசம் அடிக்கிற ஊர். தாலிக்கயிறு மஞ்சள், புதுத்துணியின் மூலையில் மஞ்சள், கல்யாணப் பத்திரிகையின் நாலு ஓரத்திலும் மஞ்சள். மஞ்சளைப் பார்த்து ஓடச் சொன்னால் எவன் ஓடுவான்?

முதலில் ‘மஞ்சள்னா ஒண்ணுமில்லை’ என்றார்கள். ஒரே வாரத்தில் ‘மஞ்சள்னா நல்லது’ ஆயிற்று. அப்புறம் யாரோ ஒரு படித்த மகராசன் வாட்ஸப்பில் விளக்கம் எழுதினான்: ‘இவர்கள் உடம்பில் கிருமி தோற்றுவிட்டது. தோற்ற கிருமியை மூச்சில் வாங்கினால் தடுப்பூசிக்குச் சமம்.’ அவ்வளவுதான். மஞ்சள் காட்டியவர்களுக்கு மஞ்சள் துண்டு போர்த்தினார்கள். பிள்ளைக்குப் பேர் வைக்க, புதுக்கடை திறக்க, படுத்த படுக்கையாய்க் கிடக்கிறவர்களின் முகத்தில் ஊத, வண்டி வைத்து அழைத்துப் போனார்கள்.

நாச்சிமுத்து ஊதினார். விளக்கு பழுத்த எலுமிச்சையாய் எரிந்தது.

வேலையில் இருந்த காலமெல்லாம் அவர் தெருவில் வந்தால் கடைக்காரர்கள் தராசை ஒளித்துவைப்பார்கள். இப்போது அதே கடைக்காரர்கள் நாற்காலி போட்டார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக ஊர் அவரைக் கண்டு சிரித்தது. அந்த மஞ்சள் துண்டை அவர் குளிக்கும்போது மட்டும் கழற்றினார்.

அவருடைய உயிர்ச் சிநேகிதர் அர்த்தனாரி புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் மனைவி செல்லாயி நேரில் வந்தாள்.

“அண்ணா, ஒருக்கா வந்து அவரு மேல ஊதிப்போட்டுப் போங்ணா. ஊருக்கெல்லாம் ஊதறீங்க, உங்க சிநேகிதருக்கு ஊத மாட்டீங்களா?”

நாச்சிமுத்து போனார். நண்பரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு முகத்துக்கு நேரே குனிந்து, நெஞ்சு நிறைய இழுத்து, அன்போடு ஊதினார். அர்த்தனாரி கண்ணை மூடி வாங்கிக்கொண்டார். ராமாத்தாள் பக்கத்தில் நின்று பார்த்தாள். அவளும் அன்றைக்குக் கும்பிடத்தான் செய்தாள்.

இரண்டு வாரம் தாண்டவில்லை. மூச்சு முட்டி அர்த்தனாரி போய்விட்டார்.

“புத்துநோய் கொண்டுபோயிருச்சு” என்றது ஊர். “அவன் விதி” என்றார் நாச்சிமுத்து. ராமாத்தாளுக்கு மட்டும் என்னவோ உறுத்திற்று. விளக்குப் பெட்டியின் மேல் இருந்த உதவி எண்ணைச் சுழற்றினாள். எத்தனை முறை ‘எண் உபயோகத்தில் உள்ளது’ என்றாலும் விடுகிறவளா அவள்? கடைசியில் சென்னையிலிருந்து ஷமீமா என்கிற டாக்டர் எடுத்தாள்.

“ஏனுங்க டாக்டரம்மா, எங்கூட்டுக்காரருக்கு மஞ்சள் காட்டுது. ஒண்ணுமில்லைதானுங்?”

“அவருக்கு ஒண்ணும் தெரியலைன்னு சொல்லுங்கம்மா. ஒண்ணுமில்லைன்னு சொல்லாதீங்க. கிருமி இருக்கு. அவர் உடம்பு சத்தம் போடலை, அவ்வளவுதான்.”

ராமாத்தாள் தன் பழைய இணைப்பகத்தை நினைத்துக்கொண்டாள். பிறகு, “மணி அடிக்காத போனு மாதிரிங்களா? உள்ள லைன் ஓடிட்டிருக்கும். பெல் மட்டும் கெட்டுப்போயிருக்கும்” என்றாள்.

“ரொம்ப சரி! அந்த லைன்ல இன்னொருத்தருக்குக் கால் போகும். போயே தீரும்னு சொல்லலை. போகலாம். அங்க எப்படி அடிக்கும்னு யாருக்கும் தெரியாது. லேசான நோய்னா அது வந்தவருக்கு லேசு. கிருமி லேசு கிடையாதும்மா. வீட்டுல யாருக்காவது கேன்சர், மாற்றுச் சிறுநீரகம், அந்த மாதிரி ஏதாவது இருக்கா?”

ராமாத்தாளின் தம்பி வையாபுரிக்குச் சிறுநீரகம் மாற்றி வருடம் திரும்பவில்லை. புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடக் கூடாது என்று எதிர்ப்புச் சக்தியை மாத்திரை போட்டு அடக்கிவைத்திருந்தார்கள். அவன் மகள் யாழினிக்குத் தாலி ஏறியதும் மஞ்சள் மூச்சுக்காரர்கள் வரிசையாக நின்று பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பொண்ணைப் பெற்றவனுக்கும் ஊதி ஆசி வழங்குவதாகப் பத்திரிகையிலேயே அச்சடித்திருந்தார்கள். வரிசையில் முதல் ஆள் நாச்சிமுத்து.

“இன்னொண்ணும்மா,” என்றாள் டாக்டர், “விளக்கைச் சோப்புத் தண்ணியில துடைச்சிடாதீங்க. சும்மா ஈரத்துணி போதும். உள்ள இருக்கிற சாயம் உங்க ஊர் மஞ்சள்லேர்ந்து எடுத்ததுதான். தப்பா நிறம் மாறிடும்.”

“மஞ்சக் கறையில சோப்புப் பட்டாச் செவக்கும்னு துணி தொவைக்கற எல்லாப் பொம்பளைக்கும் தெரியுமுங்க” என்று சொல்லிவிட்டு ராமாத்தாள் போனை வைத்தாள். அந்த நிமிடம் அது அவள் மனசில் தங்கவில்லை. தம்பிதான் இருந்தான்.

அன்று சாயங்காலமே கணவரின் படுக்கையை மாடி அறைக்கு மாற்றினாள். தானும் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். நாச்சிமுத்து தராசு முள்ளைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார்.

“எனக்குக் காச்சல் இருக்குதா? இருமல் இருக்குதா? ஒண்ணுமில்லை. இல்லாத எடையை நான் எப்படிம்மிணி இன்னொருத்தனுக்கு நிறுத்துக் குடுக்கறது?”

“உங்களுக்குத் தெரியலைங்க. அதுக்காவ இல்லைன்னு ஆயிருமா? அர்த்தனாரியண்ணன்...”

“சும்மா இரு புள்ளே!” அவர் குரல் அந்த வீட்டில் அதற்குமுன் அப்படி உயர்ந்ததில்லை. “அவனுக்குப் புத்துநோய். அதுல போனான். டாக்டரு பத்துச் சொன்னா நீ நூறு சொல்லுவே. உன்ற பேச்சை நம்பி நான் என்ற சிநேகிதனைக் கொன்னுபோட்டேன்னு ஒத்துக்கோணுமா?”

கொன்றதாக அவள் சொல்லவே இல்லை. அவர்தான் சொன்னார். இரண்டு பேருக்கும் அது கேட்டது. அவர் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு மாடிக்கு ஏறிவிட்டார்.

ராமாத்தாள் தம்பிக்குப் போன் போட்டாள். வையாபுரி விழுந்து விழுந்து சிரித்தான்.

“அக்கா, காவேரியில மொதலை வந்துருச்சுன்னு சொல்லி என்னையச் சின்னதுல ஆத்துப் பக்கமே விடாம பண்ணுனவ நீ. இப்ப மாமன் மூச்சுல எமன் வர்றான்னு கெளப்பறே!”

“மொதலை பொய்டா சாமி. இது நெசம்.”

“மொதலையப்பவும் இதேதான் சொன்னே.”

சம்பந்தி வீட்டுக்குச் சொன்னாள். பொறாமை என்றார்கள், புருஷனுக்கு மஞ்சள், இவளுக்கு வெள்ளைதானே? மண்டபத்து மேலாளருக்குச் சொன்னாள், சமையல்காரருக்குச் சொன்னாள், புரோகிதருக்குச் சொன்னாள். உண்மையைச் சல்லிப் பைசா கூட்டாமல் சொன்னாள். அதைக் கேட்டவர்கள் எல்லோரும் வழக்கம்போலப் பத்தில் ஒன்று எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் பத்தில் ஒன்று எடுத்தால் என்ன மிஞ்சும்? ‘எதுக்கும் பாத்துக்கலாம்’ என்பதுதான் மிஞ்சியது.

முகூர்த்த நாள் வந்தது. மண்டபம் எள் போட்டால் எண்ணெயாகிற மாதிரி நெரிந்தது. மேடையின் ஓரத்தில், திறந்த ஜன்னலை ஒட்டி, முகக்கவசத்தோடு தனியாக உட்கார்ந்திருந்தான் வையாபுரி. பட்டுச் சட்டை அவன் மேல் ஹேங்கரில் தொங்குவதுபோலத் தொங்கியது. மேடை நடுவே, குத்துவிளக்குக்குப் பக்கத்தில், அதைவிடப் பெரிதாக ஒரு மூச்சு விளக்கு. படம் பிடிக்கத் தோதாக அதை வாடகைக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். மேடைக்குக் கீழே மஞ்சள் துண்டுக்காரர்களின் வரிசை. முன்னால் நாச்சிமுத்து, மாப்பிள்ளையைவிட நிமிர்ந்து.

ராமாத்தாள் தம்பியிடம் போய்க் குனிந்தாள். “கவசத்தைக் கழட்டாதடா. உன்ற அக்கா காலைப் புடிக்கறேன்.”

அதற்குள் சம்பந்தி, “மங்கல காரியத்துல வாயைக் கட்டிட்டு நிக்கலாமுங்களா? ஆசி வாங்கறப்பக் கழட்டிருங்க சம்பந்தி” என்று சத்தமாகச் சொன்னார். வையாபுரி சங்கடமாகச் சிரித்துத் தலையாட்டினான். பொண்ணைக் கொடுக்கிறவன் வேறென்ன செய்வான்?

அவள் கண் மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. யாரிடம் சொல்ல? சொல்லாதவர் யார் மிச்சம்? வரவேற்பு மேசையில் சந்தனம், கற்கண்டு, வெற்றிலை, பாக்கு, ஒரு சம்புடம் சுண்ணாம்பு. பக்கத்தில் ஆரத்தித் தட்டு. ஒரு பெண் மஞ்சள் தண்ணீரைக் கரைத்துவிட்டு விரல் நுனியில் சுண்ணாம்பைத் தொட்டு அதில் விட்டாள். மஞ்சள் தண்ணீர் கண்ணெதிரே குங்குமமாய்ச் சிவந்தது.

ராமாத்தாள் அந்தத் தட்டையே பார்த்தாள். பிறகு மேடையில் இருந்த மூச்சு விளக்கைப் பார்த்தாள். துணி துவைக்கிற எல்லாப் பெண்களுக்கும் தெரியுமே!

சுண்ணாம்புச் சம்புடம் மேசையிலிருந்து காணாமல் போயிற்று.

தாலி ஏறட்டும் என்று காத்திருந்தாள். என்ன ஆனாலும் ஒரு பெண்ணின் கல்யாணத்தை நிறுத்தியவள் என்ற பேர் வேண்டாம். கை கழுவும் இடத்தில் நின்று டம்ளரில் சுண்ணாம்பைக் கரைத்தாள். கொஞ்சம் போதும்தான். ஆனால் ராமாத்தாளுக்கு எதிலும் கொஞ்சம் வராதே! சம்புடத்தையே வழித்துப் போட்டுக் கலக்கினாள். கெட்டிமேளம் கொட்டியது. அட்சதை பறந்தது. அவள் டம்ளரை வாயில் கவிழ்த்துக்கொண்டு முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டாள்.

வாய் எரிந்தது. அடுப்புக் கங்கை அள்ளிப் போட்டதுபோல நாக்கு, கன்னம், ஈறு எல்லாம் வெந்தது. துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது. கண்ணில் நீர் கொட்டக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடந்தாள். அத்தைக்குப் பாசம் பொங்குகிறது என்று வழிவிட்டார்கள்.

மேடையில் நாச்சிமுத்து ஏறிவிட்டார். விளக்கின் முன் குனிந்து ஊதினார். மஞ்சள் எரிந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். அவர் திரும்பினார். வையாபுரி எழுந்து, காதிலிருந்து கவசத்தின் ஒரு நாடாவைக் கழற்றினான். மற்ற நாடாவுக்குக் கை போயிற்று. நாச்சிமுத்து அர்த்தனாரிக்குக் குனிந்ததுபோலவே குனிந்து, நெஞ்சு நிறைய இழுத்தார்.

ராமாத்தாள் இருவருக்கும் நடுவே போய்ப் புருஷனை முழங்கையால் தள்ளினாள். கவசத்தை இறக்கினாள். மஞ்சளாய் எரிந்துகொண்டிருந்த விளக்கின் மேல், அடிவயிற்றிலிருந்து, சாரலோடு ஒரு மூச்சு ஊதினாள்.

மஞ்சள் ஓரத்தில் கொஞ்சம் கறுத்தது. பிறகு நடுவில். பிறகு, இரண்டாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்க, விளக்கு மேடை முழுக்க வெளிச்சம் விழ ரத்தச் சிவப்பாய் எரிந்தது.

குலவை பாதியில் நின்றது. அந்த அமைதியில் ஒரு குழந்தையின் கையிலிருந்து பலூன் நழுவிய சத்தம்கூடக் கேட்டது என்று ராமாத்தாள் பிற்பாடு சொல்வாள். அதைப் பத்தில் ஒன்றாக எடுத்துக்கொள்ளலாம்.

“அய்யய்யோ, மஞ்சள் செவந்துபோச்சு!” என்று எவனோ கத்தினான்.

சம்பந்திதான் முதலில் பாய்ந்தார். அப்புறம் யார் முதல், யார் கடைசி என்று சொல்ல முடியாது. மஞ்சள் துண்டுகள் காற்றில் பறந்தன. மஞ்சள் துண்டுக்காரனைக் கண்டு மஞ்சள் துண்டுக்காரனே ஒதுங்கினான். வையாபுரியின் கவசத்தை இழுத்து மாட்டி, மச்சினன்மார் அவனை ஜன்னல் வழியாகவே தோட்டத்துக்கு இறக்கிக் காரில் ஏற்றினார்கள். பொண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு ஓடினார்கள். பந்தியில் பாயசம் வாங்கியவர் இலையோடு ஓடினார். தவில்காரர் எழுந்த வேகத்தில் தவில் உருண்டு படியிறங்கி அவருக்கு முன்னால் வாசலைத் தொட்டது.

நாச்சிமுத்து மட்டும் ஒரு கணம் அந்தச் சிவந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். அது அவர் ஊதிய விளக்கு. கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திய கையை எடுக்காமலே அவரும் ஓடினார்.

நூறு பேரிடம் உண்மையைச் சொன்னாள், ஒருவன் நகரவில்லை. ஒரு பொய்யை வாயே திறக்காமல் ஊதினாள், ஊரே ஓடிற்று. ராமாத்தாள் காலி மண்டபத்தில் சுண்ணாம்பைத் துப்பிவிட்டு உட்கார்ந்தாள். வடை அடுக்கி வைத்திருந்தது. வாய் வெந்துகிடந்ததால் ஒன்றைக்கூடத் தின்ன முடியவில்லை. அவள் வாழ்க்கையில் பட்ட பெரிய துக்கம் அதுதான் என்பாள்.

அப்புறம் பல நாள் அவள் கஞ்சி குடித்து, சைகையில் பேசினாள். வையாபுரியின் விளக்கு வெள்ளையாகவே நின்றது. நாச்சிமுத்து துண்டை மடித்து வைத்துவிட்டு மாடி அறையிலேயே கிடந்தார். அவருடைய விளக்கும் ஒருநாள் வெள்ளைக்குத் திரும்பியது. ராமாத்தாள் வாய் ஆறியதும் முதல் வேலையாகச் சுண்ணாம்புக் கதையைச் சொன்னாள். அதுதான் தப்பாகப் போயிற்று.

“அப்பச் சுண்ணாம்புலதான செவந்தது?” என்றார் நாச்சிமுத்து. மாடியிலிருந்து இறங்கியவர் படியிலேயே நின்றார். “என்ற மூச்சுல இல்லை. மஞ்சள் மஞ்சளாத்தான் இருந்துச்சு. நீதான் பொய்யா செவக்க வெச்சே.” அவர் முகத்தில் பழைய ரத்தம் ஊறியது. “பத்துல ஒண்ணுகூட இல்லை புள்ளே. எல்லாமே உன்ற புளுகு.”

சாட்சிக்கு ஆள் தேடினால், மண்டபத்தில் இருந்த இரண்டாயிரம் பேரில் ஒருவர்கூட ஓடவில்லையாம். ஒருவர் வண்டி எடுக்கப் போனார். இன்னொருவருக்குப் போன் வந்தது. சம்பந்திக்கு வயிற்றைக் கலக்கியது. பார்த்தது நடந்ததே இல்லை என்றாகிவிட்டது. ஊரில் மறுபடியும் மெதுவாக மஞ்சள் துண்டுகள் தலைகாட்டின.

ஒருநாள் செல்லாயி வந்தாள். கையில் பழமும் புதிதாய் வாங்கிய ஒரு மஞ்சள் துண்டும்.

“அண்ணா, உங்க மூச்சாலதான் எங்கூட்டுக்காரரு அத்தனை நாளாவது தாங்குனாருன்னு நான் சொல்லாத நாள் இல்லீங். இப்ப என்ற தங்கச்சி ஆஸ்பத்திரியில கெடக்குறாளுங். அவருக்கு ஏத்துன அதே மருந்துதான் இவளுக்கும் ஏத்துறாங்க. உங்க வெளக்கு வெள்ளையாயிருச்சாமே. நம்ம தெருவுல வேற ஆருக்கு மஞ்சள் காட்டுது? நீங்க கைகாட்டுனாக் கூட்டிட்டுப் போயிருவேன்.”

“வேண்டாஞ் செல்லாயி!” ராமாத்தாள் பதறி எழுந்தாள். மண்டபத்துக் கதையை முதலிலிருந்து கொட்டினாள். ஒரே மூச்சு, இரண்டாயிரம் பேர், ஒரு வார்த்தை பேசவில்லை, எதற்காகச் செய்தாள், டாக்டர் என்ன சொன்னாள் என்று எல்லாவற்றையும் சொன்னாள். அர்த்தனாரியின் பேரை மட்டும் சொல்லவில்லை. சொல்ல வந்து, கணவரைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

செல்லாயி அழுத கண்ணோடு சிரித்தேவிட்டாள். “நீங்க பேசாம இருந்தீங்களாக்கும்! அண்ணா, நீங்க சொல்லுங்ணா. இதுல எத்தனை எடுத்துக்கறது? பத்துல ஒண்ணுதானுங்?”

நாச்சிமுத்து பேப்பரை மடித்தார். மடித்ததையே மறுபடி மடித்தார். இனி மடிக்க முடியாத அளவுக்கு அது சின்னதாயிற்று. செல்லாயி கொண்டுவந்த மஞ்சள் துண்டு அவள் மடியில் கிடந்தது. அவர் அதைக் கையில் எடுத்து, படிக்கல்லைத் தூக்கிப் பார்ப்பதுபோல உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“முழுசா எடுத்துக்கம்மிணி” என்றார்.

ராமாத்தாள் அவர் பக்கம் திரும்பினாள்.

“மண்டபம் காலியானது நெசம். இவ பேசாம நின்னதும் நெசம், நான் பக்கத்துல நின்னு பாத்தேன். ஓடுனவங்கள்ல நானும் ஒருத்தன்.” துண்டைச் செல்லாயியிடம் திருப்பிக் கொடுக்காமல் தன் மடியில் வைத்துக்கொண்டார். குரல் இறங்கிப்போயிற்று. “உன்ற தங்கச்சிகிட்ட ஆரையும் ஊத விட்டறாதே. அன்னைக்கு நான் அர்த்தனாரி மூஞ்சிக்கு நேரா ஊதுனேன் பாரு... அதுவும் நடந்துச்சும்மிணி. ரெண்டும் நடந்துச்சு.”